உங்களுக்குத் தெரியுமா? வாஷிங்டனை அமெரிக்கர்கள் நம்பாமல் போன கதை

◆ 1964-ம் ஆண்டு அமெரிக்கர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். வாஷிங்டனில் இருக்கும் அரசு சரியானதைத்தான் செய்யும் என்று எப்போதுமோ பெரும்பாலான நேரங்களிலோ நம்புகிறீர்களா? நூற்றுக்கு 77 பேர் ‘நம்புகிறோம்’ என்றார்கள். அந்தக் கேள்வியை இன்றுவரை விடாமல் கேட்டு வருகிறார்கள். 2007-க்குப் பிறகு அந்த எண் 30-ஐத் தாண்டவில்லை. 2023-ல் 16-க்கு வந்து நின்றது. இரண்டு தலைமுறைக்குள் ஒரு தேசத்தின் நம்பிக்கை இப்படிக் கரைந்துபோக என்ன நடந்தது? ‘அரசியலே சாக்கடை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் இந்தக் கதையில் ஒவ்வொரு சரிவுக்கும் தேதி உண்டு, ஆவணம் உண்டு, அதை வெளியே கொண்டுவந்த ஆள் உண்டு. அந்த ஆட்களுக்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

◆ நம்பிக்கை உச்சத்தில் இருந்த அதே 1964-ல்தான் பெரிய பொய் ஒன்று சட்டமாகவும் ஆனது. ஆகஸ்ட் 2-ம் தேதி டோன்கின் வளைகுடாவில் மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாம் படகுகள் தாக்கின. அது உண்மை. 4-ம் தேதி இரவு மறுபடியும் தாக்கினார்கள் என்று தகவல் வந்தது. கொஞ்ச நேரத்திலேயே அங்கிருந்த தளபதி, மோசமான வானிலையில் ரேடார் தப்பாகக் காட்டியிருக்கலாம், தீர விசாரித்த பிறகு அடுத்த நடவடிக்கையை எடுங்கள் என்று செய்தி அனுப்பினார். அதிபர் லிண்டன் ஜான்சன் காத்திருக்கவில்லை. அன்றிரவே தொலைக்காட்சியில் தோன்றி, பதிலடி தொடங்கிவிட்டது என்று அறிவித்தார். ஆகஸ்ட் 7-ல், வியட்நாமில் போர் நடத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416-க்கு 0 என்று நிறைவேறியது. செனட்டில் 88-க்கு 2.

இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் சொந்த வரலாற்றாய்வாளரே அதை எழுதிவைத்திருந்தார். அந்த ஆய்வு மக்கள் பார்வைக்கு வந்தது 2005-ல். போர் முடிந்தே 30 ஆண்டு ஆகியிருந்தது. 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும் பல லட்சம் வியட்நாமியர்களும் அதில் செத்திருந்தார்கள்.

◆ செனட்டில் எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த இரண்டு பேர் யார் தெரியுமா? ஆரிகன் மாநிலத்து வெய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங். இருவருமே ஜான்சனின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். சொந்தக் கட்சி அதிபரை எதிர்த்து நின்றவர்கள். 1968-ல் இருவரும் பதவி இழந்தார்கள்.

குரூனிங்கைக் கட்சிக்குள்ளேயே தோற்கடித்து அந்த இடத்துக்கு வந்தவர் மைக் கிரேவல் என்ற இளைஞர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

◆ 1969 அக்டோபர். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விளம்பர நிறுவனத்தின் அலுவலகம். வேலை நேரம் முடிந்து எல்லோரும் போனபின் அங்கே ஒருவர் ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நிற்கிறார். பெயர் டேனியல் எல்ஸ்பர்க். முன்னாள் கடற்படைப் பிரிவு வீரர், பென்டகனில் வேலை பார்த்தவர், வியட்நாமில் இரண்டு வருடம் இருந்து வந்தவர், ஆரம்பத்தில் அந்தப் போரை நம்பியவர். வியட்நாம் விஷயத்தில் நான்கு அதிபர்கள் நாட்டிடம் எதையெல்லாம் மறைத்தார்கள் என்று அரசே தயாரித்து வைத்திருந்த 7,000 பக்க ரகசிய அறிக்கையை ஒவ்வொரு தாளாக நகல் எடுக்கிறார். ஒருநாள் மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். 13 வயதுப் பையன் மெஷினில் தாள் வைத்தான். 10 வயதுப் பெண் கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு நகலிலும் ‘அதி ரகசியம்’ என்று அச்சாகியிருந்த ஓரத்தை வெட்டி எறிந்தாள்.

பிள்ளைகளை ஏன் இதில் இழுத்தார்? தான் ஜெயிலுக்குப் போவது நிச்சயம், அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நாளை யாராவது சொன்னால் பிள்ளைகள் நம்பக்கூடாது, நிதானமாக யோசித்துத்தான் செய்தார் என்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று அவர் பின்னாளில் விளக்கினார். அரசை நம்பவே மாட்டேன் என்று ஒதுங்கியவர் இந்தக் காரியத்தைச் செய்திருக்க முடியாது. நம்பி, அடிபட்டவர்தான் செய்வார்.

நியூயார்க் டைம்ஸ் 1971 ஜூன் 13-ல் அதை வெளியிடத் தொடங்கியது. அரசு தடை வாங்கியது. உச்ச நீதிமன்றம் ஜூன் 30-ல் 6-க்கு 3 என்று பத்திரிகையின் பக்கம் நின்றது. அதற்கு முந்தின இரவு ஒரு செனட்டர், தன் துணைக்குழுவின் கூட்டத்தைக் கூட்டி, அந்த ரகசியத் தாள்களை நாடாளுமன்றப் பதிவில் ஏறும்படி உரக்கப் படித்தார். நள்ளிரவு தாண்டியும் படித்தார். படிக்கும்போதே அழுதார். அவர்தான் மைக் கிரேவல்.

எல்ஸ்பர்க்குக்கு 115 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றச்சாட்டுகள் இருந்தன. அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்துக்குள் வெள்ளை மாளிகை ஏவிய ஆட்களே பூட்டை உடைத்துப் புகுந்தது தெரியவந்ததும், 1973 மே மாதம் நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார்.

◆ 1971 மார்ச் 8. முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதிய குத்துச்சண்டை. நாடே வானொலியைக் காதில் வைத்திருந்த அந்த இரவில், பென்சில்வேனியாவில் மீடியா என்ற சின்ன ஊரின் எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் எட்டுப் பேர் பூட்டைத் திறந்து நுழைந்தார்கள். ஒரு இயற்பியல் பேராசிரியர் தலைமை. மதவியல் கற்பித்த இன்னொரு பேராசிரியரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வீட்டில் அவர்களுக்குச் சின்னப் பிள்ளைகள். கிடைத்த கோப்புகளை எல்லாம் பெட்டிகளில் அள்ளிக்கொண்டு போய், படித்துப் பிரித்து, பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள்.

அதில்தான் வெளிவந்தது: போரை எதிர்க்கும் மாணவர்கள், கறுப்பின மக்கள் அமைப்புகள் என்று வரிசையாக எஃப்.பி.ஐ. வேவு பார்த்துக்கொண்டிருந்தது. மார்ட்டின் லூதர் கிங்குக்கு 1964-ல் அந்த அமைப்பே ஒரு மொட்டைக் கடிதம் அனுப்பி, அவரைத் தற்கொலைக்குத் தூண்டியதும் அடுத்த சில ஆண்டு விசாரணைகளில் உறுதியானது. எட்டுப் பேரைத் தேடி ஏராளமான அதிகாரிகள் அலைந்தார்கள். ஒருவரும் பிடிபடவில்லை. 43 ஆண்டு கழித்து, 2014-ல், அவர்களில் சிலர் தாங்களாகவே முன்வந்து ‘நாங்கள்தான்’ என்றார்கள்.

பூட்டைத் திறந்து புகுந்தது குற்றம்தான். ஆனால் எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவர் 1924 முதல் 48 ஆண்டு ஒரே நாற்காலியில் இருந்தார். அவரைக் கேள்வி கேட்க எந்தக் கட்சிக்கும் துணிச்சல் இருக்கவில்லை. அந்தத் துணிச்சலை இந்த எட்டுப் பேர் காட்டவேண்டி வந்ததுதான் எனக்குப் பெரிய வேதனை.

◆ அலபாமா மாநிலத்தின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை 40 ஆண்டு என்ன நடந்தது என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்க முடியாது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, சுமார் 600 ஏழைக் கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் நோய். உங்களுக்குக் ‘கெட்ட ரத்தம்’, வைத்தியம் பார்க்கிறோம் என்று சொன்னார்கள். சோறு போட்டார்கள், வண்டியில் கூட்டிப் போனார்கள், செத்தால் அடக்கச் செலவு கொடுத்தார்கள். வைத்தியம் மட்டும் பார்க்கவில்லை. சிகிச்சை இல்லாமல் விட்டால் அந்த நோய் உடம்பை எப்படி அழிக்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சியே. 1940-களின் பிற்பகுதியில் பென்சிலின் எங்கும் கிடைத்தபோதும் தரவில்லை. அந்த 40 ஆண்டில் வந்த எல்லா அதிபர்களின் ஆட்சியிலும் அது ஓடிக்கொண்டிருந்தது, குடியரசுக் கட்சி ஆண்டாலும் ஜனநாயகக் கட்சி ஆண்டாலும்.

நிறுத்தியவர், அதே துறையின் சான் ஃபிரான்சிஸ்கோ அலுவலகத்தில் கீழ்மட்டத்தில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன். 1966-ல் மேலிடத்துக்கு எழுதினார். மறுபடி எழுதினார். பயனில்லை என்று தெரிந்தபின் பத்திரிகையாளரிடம் கொடுத்தார். 1972 ஜூலையில் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி வந்ததும் ஆராய்ச்சி மூடப்பட்டது. 1997-ல் அதிபர் பில் கிளிண்டன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டபோது உயிரோடிருந்தவர்கள் 8 பேர்.

கொரோனா தடுப்பூசி வந்த நாட்களில் கறுப்பின மக்கள் சிலர் தயங்கினார்கள், டஸ்கிகி என்ற பெயர் அப்போது திரும்பத் திரும்ப அடிபட்டது. அந்தத் தயக்கத்தை அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது பாட்டன் சொல்லிவிட்டுப் போன நினைவு.

◆ ‘வாட்டர்கேட்’ என்றால் நிக்சன் நினைவுக்கு வருவார். ஃபிராங்க் வில்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 24 வயது. வாட்டர்கேட் கட்டடத்தில் இரவுக் காவலாளி. வாரச் சம்பளம் 80 டாலர். 1972 ஜூன் 17, நள்ளிரவு தாண்டிய ரோந்தில், கீழ்த்தளத்துக் கதவின் தாழ்ப்பாள் விழாதபடி யாரோ டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். வேலையாட்கள் மறந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று பிய்த்துப் போட்டார். அடுத்த சுற்றில் வந்து பார்த்தால் அதே இடத்தில் புதிதாக டேப். உடனே போலீஸுக்கு ஃபோன் போட்டார். ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் சிக்கினார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் அதிபரின் மேஜை வரை நீண்டது. 1974 ஆகஸ்ட் 9-ல் ரிச்சர்ட் நிக்சன் பதவி விலகினார்.

அந்தக் கதையைச் சொன்ன 1976-ம் ஆண்டு ஹாலிவுட் படத்தில் வில்ஸ் தன் வேடத்தில் தானே நடித்தார். அதன்பின் நிலையான வேலை அமையவில்லை. 2000-ம் ஆண்டு 52 வயதில் வறுமையில் இறந்தார். அன்றிரவு அவர் கைப்பட எழுதிய காவல் பதிவேட்டைத் தேசிய ஆவணக் காப்பகம் பத்திரமாக வைத்திருக்கிறது. அவரை அப்படி யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

◆ பதவி விலகிய நிக்சனுக்கு என்ன தண்டனை? ஒன்றும் இல்லை. அடுத்து வந்த ஜெரால்டு ஃபோர்டு, பதவியேற்று ஒரே மாதத்தில், 1974 செப்டம்பர் 8-ல் முழுமையான மன்னிப்பு வழங்கினார். விசாரணையே நடக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் அரசை நம்புகிறவர்கள் 36 சதவீதமாக இருந்தார்கள். பத்து வருடம் முன்பு 77. கட்டடத்துக்குள் புகுந்த ஐந்து பேரும் சிறைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

◆ அரசுக் கோப்புகளை மக்கள் கேட்டுப் பெறலாம் என்ற தகவல் சுதந்திரச் சட்டம் அமெரிக்காவில் 1966-ல் வந்தது. கலிஃபோர்னியாவின் ஜான் மாஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அதற்காகப் பத்து ஆண்டுக்கும் மேல் போராடினார். ஜான்சனுக்கு அதில் விருப்பமே இல்லை. ஜூலை 4, நாட்டின் சுதந்திர தினத்தில், டெக்சஸில் தன் பண்ணை வீட்டில், விழா எதுவும் வைக்காமல் கையெழுத்துப் போட்டார்.

◆ அமெரிக்க அரசியல் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாலும் ‘அரசியல் கட்சி’ என்ற சொல் கிடைக்காது. எழுதியவர்கள் கட்சிகளை விரும்பவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் 1796 செப்டம்பரில் ஒரு ஃபிலடெல்ஃபியா பத்திரிகையில் வெளியிட்ட விடைபெறும் உரையில், கட்சி வெறி நாட்டைத் தின்றுவிடும் என்று நீளமாக எச்சரித்தார். 1896 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரியில் செனட் சபையில் அந்த உரையை முழுக்கப் படிக்கிறார்கள். ஒரு வருடம் இந்தக் கட்சி உறுப்பினர், அடுத்த வருடம் அந்தக் கட்சி உறுப்பினர் என்று முறை வைத்துப் படிக்கிறார்கள். படித்தவர் ஒரு தோல் அட்டைப் புத்தகத்தில் பெயரெழுதி வைப்பார்.

◆ வாஷிங்டன் எச்சரித்து இரண்டே ஆண்டில், 1798-ல், அரசைத் திட்டி எழுதினால் சிறை என்று ராஜதுரோகச் சட்டம் வந்தது. அதை எப்படி எழுதியிருந்தார்கள் என்று பாருங்கள். அதிபரைத் திட்டினால் குற்றம். நாடாளுமன்றத்தைத் திட்டினால் குற்றம். துணை அதிபரைத் திட்டினால் குற்றமில்லை. ஏனென்றால் துணை அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் எதிர்க்கட்சி. சட்டம் காலாவதியாகும் நாள், அப்போதைய அதிபரின் பதவிக்காலம் முடிவதற்கு முந்தின நாள்.

வெர்மான்ட் மாநிலத்து மேத்யூ லயன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அதிபரை விமர்சித்து எழுதி மாட்டினார். 4 மாதம் சிறை, 1,000 டாலர் அபராதம். குளிர்காலத்தில் சிறையில் கிடந்தவரை, அவர் தொகுதி மக்கள் அங்கிருந்தபடியே மறுபடி ஜெயிக்கவைத்தார்கள். 1801-ல் அதிபர் தேர்தல் இழுபறியாகிப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது, 36-வது சுற்றில் வெர்மான்ட்டின் ஓட்டை ஜெஃபர்சனுக்குப் போட்டவர் இதே லயன். அபராதத்தை 1840-ல், அவர் இறந்தபின், வட்டியோடு வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது அரசு.

◆ சிறையிலிருந்தபடி அதிபர் தேர்தலிலேயே நின்றவரும் உண்டு. முதல் உலகப்போரை எதிர்த்து 1918-ல் ஒஹாயோவில் பேசியதற்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்து வருடத் தண்டனை. கைதி எண் 9653. அந்த எண்ணைப் பொறித்த பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு ஆதரவாளர்கள் பிரசாரம் செய்தார்கள். 1920-ல் அவருக்கு 9 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது.

◆ தொகுதி எல்லையைக் கட்சி லாபத்துக்காக வளைத்து வரைவதற்கு அமெரிக்காவில் ‘ஜெர்ரிமேண்டர்’ என்று பெயர். 1812-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி, சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியைப் போல நெளிந்திருந்தது. கெர்ரியும் சாலமாண்டரும் சேர்ந்து இந்தச் சொல் பிறந்தது. அந்த ஆண்டு மாநில செனட் தேர்தலில் எதிர்க்கட்சிக்குத்தான் கூடுதல் ஓட்டு. ஆனாலும் கெர்ரியின் கட்சி 40-ல் 29 இடம் பிடித்தது.

எப்படி முடிகிறது? ஒரு ஊரில் 50 வீடு, அதை 5 தொகுதியாகப் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 30 வீடு சிவப்புக் கட்சி, 20 வீடு நீலக் கட்சி. நியாயமாகப் பார்த்தால் சிவப்புக்கு 3, நீலத்துக்கு 2. பென்சில் சிவப்புக் கட்சி கையில் இருந்தால், தொகுதிக்கு 6 சிவப்பு, 4 நீலம் வரும்படி கோடு போட்டு ஐந்தையும் அள்ளிவிடலாம். பென்சில் நீலத்தின் கையில் இருந்தால்? 18 சிவப்பு வீட்டையும் 2 நீல வீட்டையும் இரண்டு தொகுதிக்குள் அடைத்துவிட வேண்டும். மீதி மூன்றில் தொகுதிக்கு 6 நீலம், 4 சிவப்பு. 20 வீடு வைத்திருக்கும் நீலம் 3-க்கு 2 என்று ஜெயித்துவிடும். ஒரு ஓட்டுக்கூடக் கள்ள ஓட்டு இல்லை. வாக்காளர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதுபோய், பிரதிநிதி தனக்கு வேண்டிய வாக்காளரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்.

2019-ல் இது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வட கரோலினாவில் வரைந்தது குடியரசுக் கட்சி, மேரிலாந்தில் வரைந்தது ஜனநாயகக் கட்சி. இது கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய விவகாரம் இல்லை என்று 5-க்கு 4 தீர்ப்பு வந்தது. 2025-ல் டெக்சஸில் குடியரசுக் கட்சி தனக்கு 5 இடம் கூடக் கிடைக்கும்படி வரைபடத்தை மாற்றியது. பதிலுக்கு அதே அளவு தன் பக்கம் வர, கலிஃபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி மக்கள் ஓட்டெடுப்பு நடத்தித் தன் வரைபடத்தை மாற்றியது. நடுவில் மாட்டிக்கொண்டவர், வேறொரு தொகுதிக்குள் தூக்கிப்போடப்பட்ட சாதாரண வாக்காளர்.

◆ 2013 நவம்பரில் நாடாளுமன்றத்தின் செயல்பாடு திருப்தி என்று கேலப் கருத்துக்கணிப்பில் சொன்னவர்கள் 9 சதவீதம். அடுத்த ஆண்டு பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் மறுபடி நின்ற உறுப்பினர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் ஜெயித்தார்கள். அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட வந்தவர்கள், தகுதியுள்ளவர்களில் சுமார் 37 சதவீதம். இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குப் பிறகு அவ்வளவு குறைவாக வந்ததில்லை. வெறுத்துப்போய் வீட்டில் இருந்தவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் யாரை வெறுத்தார்களோ அவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் வரவில்லை.

◆ மூன்றாவது கட்சி வரவே முடியாதா? 1992-ல் டெக்சஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ சுயேச்சையாக நின்று 1 கோடியே 97 லட்சம் ஓட்டு வாங்கினார். கிட்டத்தட்ட 19 சதவீதம். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 வாக்காளர் குழு ஓட்டுகளில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம்; பெரும்பாலான மாநிலங்களில் முதலில் வருபவருக்கே மொத்தமும் போகிறது.

நான்கு வருடம் கழித்து அவரைத் தொலைக்காட்சி விவாத மேடையிலேயே ஏற்றவில்லை. அந்த விவாதங்களை நடத்திய ஆணையம், 1987-ல் இரண்டு பெரிய கட்சிகளின் தலைவர்களும் சேர்ந்து உருவாக்கியது. அதற்குமுன் நடத்தியவர்கள் பெண் வாக்காளர் சங்கத்தினர். யார் கேள்வி கேட்பது, பார்வையாளர் வரிசையில் யார் இருப்பது என்பதை எல்லாம் இரண்டு தரப்பும் தங்களுக்குள் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்து நீட்டியபோது, வாக்காளரை ஏமாற்ற நாங்கள் துணைபோக மாட்டோம் என்று 1988-ல் அவர்கள் வெளிப்படையாக விலகிக்கொண்டார்கள்.

◆ நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு நாளில் என்ன செய்கிறார்? 2013-ல் வெளியே வந்த ஒரு கட்சியின் மாதிரி அட்டவணை, புதிதாக ஜெயித்து வந்தவர்களுக்காகத் தயாரித்தது. அதில் நன்கொடையாளர்களை ஃபோனில் அழைக்க நாளுக்கு 4 மணி நேரம் ஒதுக்கியிருந்தது. அரசுக் கட்டடத்துக்குள் இருந்துகொண்டு தேர்தல் நிதி கேட்பதைச் சட்டம் தடுக்கிறது. அதனால் உறுப்பினர்கள் சபையிலிருந்து இறங்கி, பக்கத்துத் தெருவில் இருக்கும் கட்சி அலுவலகத்துக்குப் போய், ஒரு சின்னத் தடுப்புக்குள் உட்கார்ந்து, பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கிறார்கள். இரண்டு கட்சியிலும் இதே கதைதான். தொகுதியில் வீட்டுக்கூரை ஒழுகுகிறது என்று எழுதும் தாய்க்கு அந்த 4 மணி நேரத்தில் இடம் எங்கே இருக்கும்?

கம்பெனிகளும் சங்கங்களும் தேர்தலில் தனியாகச் செலவு செய்ய வரம்பு வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. 2020 தேர்தலில் அதிபர் பதவிக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்த்து ஆன செலவு 1,400 கோடி டாலருக்கும் மேல்.

◆ அமெரிக்க நாடாளுமன்றம் கடைசியாக முறைப்படி போர்ப் பிரகடனம் செய்தது 1942-ல். கொரியா, வியட்நாம், இராக் எதற்கும் செய்யவில்லை.

◆ 2001 செப்டம்பர் 14. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்றாவது நாள். தாக்கியவர்கள்மேலும் அவர்களுக்கு உதவியவர்கள்மேலும் படையை ஏவ அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் வந்தது. அதன் முக்கியப் பகுதி வெறும் 60 ஆங்கிலச் சொற்கள். எந்த நாடு, எத்தனை நாள் என்ற எல்லை எதுவும் அதில் இல்லை. பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரவு. எதிர்ப்பு ஒன்றே ஒன்று: கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. குரல் தழுதழுக்க எழுந்து பேசிவிட்டு உட்கார்ந்தார். கொலை மிரட்டல்கள் குவிந்தன. போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. அந்த 60 சொற்களை வைத்து அடுத்தடுத்து வந்த இரண்டு கட்சி அதிபர்களும் ஆப்கானிஸ்தான் தொடங்கி ஏமன், சோமாலியா வரை படை அனுப்பினார்கள், ட்ரோன் அனுப்பினார்கள்.

டோன்கின் தீர்மானம் வந்தபோது இருவர் எழுந்தார்கள். 37 ஆண்டு கழித்து ஒருவர்தான் எழுந்தார்.

◆ ஈரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பிணைக்கைதிகளானபோது, 1979 நவம்பர் 14-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தேசிய அவசரநிலை அறிவித்தார். பிணைக்கைதிகள் 1981-லேயே வீடு திரும்பினார்கள். அந்த அவசரநிலையை ஒவ்வொரு நவம்பரிலும் ஒவ்வொரு அதிபரும் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். கையில் வந்த அதிகாரத்தை எந்தக் கட்சியும் திருப்பிக் கொடுப்பதில்லை.

◆ 1942 பிப்ரவரி 19-ல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் போட்ட ஒரே உத்தரவில், மேற்குக் கரையில் இருந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். உச்ச நீதிமன்றம் 1944-ல் 6-க்கு 3 என்று அதைச் சரி என்றது. 1988-ல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள்.

◆ அரசின்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்ற அந்தப் பழைய கேள்வியில் இன்னொரு விஷயமும் தெரிகிறது. தன் கட்சி அதிபர் வெள்ளை மாளிகைக்கு வந்தால் அந்தக் கட்சிக்காரரின் நம்பிக்கை சட்டென்று ஏறுகிறது, மற்றவருடையது இறங்குகிறது. அடுத்த தேர்தலில் அப்படியே தலைகீழ். அதே உளவு அமைப்பு, அதே அவசரநிலை அதிகாரம், அதே ட்ரோன். தன் ஆள் கையில் இருந்தால் பயமில்லை என்று தோன்றிவிடுகிறது. இந்தப் பட்டியலிலேயே என்னை அதிகம் கவலைப்படவைப்பது இதுதான். டஸ்கிகியில் அந்த 399 பேரின் ரத்தத்தை எடுத்தபோது எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது.

◆ வாஷிங்டனை நம்பாத அமெரிக்கர்கள் தங்கள் ஊர் நிர்வாகத்தை அதைவிட நிறையவே நம்புகிறார்கள். கருத்துக்கணிப்புகளில் பல பத்தாண்டுகளாக இது மாறவில்லை. ஊர் நிர்வாகக் கூட்டத்துக்கு நேரே போய் எழுந்து நின்று கேள்வி கேட்க முடிகிறதல்லவா?

◆ கடைசியாக ஒன்று. 1982-ல் ஆஸ்டினில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கிரிகரி வாட்சன் என்ற மாணவர், அரசியல் பாடத்துக்குக் கட்டுரை எழுத நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தார். 1789-ல் ஜேம்ஸ் மேடிசன் முன்மொழிந்து, போதிய மாநிலங்கள் ஒப்புதல் தராததால் கிடப்பில் போன ஒரு சட்டத் திருத்தம் கண்ணில் பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை உயர்த்திக்கொண்டால், இடையில் ஒரு தேர்தல் வந்துபோன பிறகுதான் அது அமலுக்கு வரவேண்டும் என்பது அந்தத் திருத்தம். ஒப்புதலுக்குக் காலக்கெடு எதுவும் எழுதப்படவில்லை. அப்படியானால் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று வாட்சன் வாதிட்டு எழுதினார். ஆசிரியை ‘சி’ போட்டார்.

வாட்சன் விடவில்லை. டைப்ரைட்டரை எடுத்துவைத்து ஒவ்வொரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் அடிக்க ஆரம்பித்தார். கட்சி பார்க்கவில்லை. யாரும் பணம் கொடுக்கவில்லை. சொந்தக் காசில் தபால்தலை வாங்கினார். பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. 1983-ல் மெய்ன் மாநிலம் ஒப்புதல் தந்தது. 1984-ல் கொலராடோ. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. 1992 மே மாதம் தேவையான 38 மாநிலங்கள் சேர்ந்தன. அனுப்பி 202 ஆண்டு கழித்து அது அரசியல் சட்டத்தின் 27-வது திருத்தமானது.

2017-ல் அந்த ஆசிரியை மதிப்பெண் மாற்றும் படிவத்தை நிரப்பி, ‘ஏ’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.